துறைமுகத்துக் கூரைகள்

கூரைத் தகடு வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போகிற எவரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வருசம் நிக்கும்?" என்பதுதான். கடைக்காரர் பத்து என்பார், பதினைந்து என்பார், விலை கூடிய தகடாக இருந்தால் இருபத்தைந்து என்றும் சொல்வார். சிலவேளை உத்தரவாத அட்டையையும் எடுத்துக் காட்டுவார். அந்த அட்டையின் சிறிய எழுத்துகளைப் பொறுமையாக வாசித்தால், கடற்கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு இது பொருந்தாது என்று பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். மழை நனைக்காத இடங்களில் வரும் துருவுக்குப் பொறுப்பில்லை என்று இன்னொன்றும் இருக்கும். திருகோணமலையின் லிங்கநகரில் வீடு கட்டுகிறவருக்கு அட்டையில் உள்ள ஆண்டுக் கணக்கைவிட இந்த இரண்டு நிபந்தனைகளும்தான் முக்கியம். திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலத்துண்டொன்றில் இருக்கிறது. ஒரு பக்கம் கோணேசர் மலையைச் சுற்றிய திறந்த கடல். மறுபக்கம் உட்துறைமுகம், அதற்கப்பால் கொட்டியாரக் குடா. இங்கே உப்புக் காற்று எட்டாத கூரை கிடையாது.

ஆண்டுக் கணக்கே கூரையின் ஆயுளுக்குச் சரியான அளவுகோல் அல்ல. தகரமோ மரமோ ஓடோ சீமெந்தோ, கூரைப் பொருள் எதுவும் காய்ந்து கிடக்கும் நேரத்தில் அதிகம் பழுதாவதில்லை. ஈரமாக இருக்கும் நேரத்தில்தான் அதன் ஆயுள் கரைகிறது. உலோக அரிப்பை ஆராய்கிறவர்கள் இதற்கென்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சாரீரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி, வெப்பநிலையும் உறைநிலைக்கு மேல் இருக்கும் மணித்தியாலங்களை ஆண்டு முழுவதும் கூட்டி, அதை ஈரநேரம் என்று கணக்கெடுப்பார்கள். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள்ளன. அதில் எத்தனை மணித்தியாலம் கூரை நனைந்திருந்தது, அந்த ஈரத்தில் எவ்வளவு உப்பு கரைந்திருந்தது என்ற இரண்டும் தெரிந்தால் தகட்டின் ஆயுளை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஈரம் என்றதும் மழையை மட்டும் நினைத்துவிடக் கூடாது. திருகோணமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில், குறிப்பாகக் கச்சான் வீசும் வைகாசி, ஆனி, ஆடியில், பகலில் கூரை சுடச்சுடக் காய்ந்து கிடக்கும். ஆனால் அதே கூரையை அதிகாலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். காரணம் உப்பு. சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். கடலுப்பில் கொஞ்சம் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது; அதற்கு 33 சதவீதமே போதும். ஆகவே மழையே இல்லாத கச்சான் காலத்து இரவிலும், உப்புப் படிந்த தகடு நனைந்துதான் கிடக்கிறது. உப்புப் படியாத தகடு அதே இரவில் காய்ந்திருக்கும்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் லிங்கநகருக்கு ஒரு சிறு அதிருஷ்டம் இருக்கிறது. கடல்நீர் சும்மா ஆவியாகும்போது உப்பு மேலே வராது. அலை உடைந்து நுரைக்கும்போது நுரையின் குமிழ்கள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் மிக நுண்ணிய உப்புநீர்த் துளிகளை மேலே எறிகிறது. காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறது. பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே விழுந்துவிடும். நுண்ணியவை பல கிலோமீற்றர் போகும். அலையடிக்கும் திறந்த கடற்கரையில் உள்ள வீட்டுக்கும், அமைதியான துறைமுக நீரைப் பார்த்திருக்கும் வீட்டுக்கும் கடல் ஒரே தூரத்தில் இருக்கலாம். கூரையில் விழும் உப்பு ஒரே அளவல்ல. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றாகத் திருகோணமலையைக் கப்பற்காரர்கள் கொண்டாடியது அதன் அலையற்ற ஆழமான நீருக்காக. அதே அமைதியின் பயன் அக்கம்பக்கத்து லிங்கநகரின் தகரக் கூரைகளுக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. ஆனால் வாடைக்காற்று திறந்த கடலிலிருந்து நகரத்தைக் கடந்து வரும்போது இந்தச் சலுகை குறைந்துவிடும்.

இனித் தகட்டின் கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் கூரைத் தகரம் என்பது அரை மில்லிமீற்றருக்கும் குறைவான இரும்புத் தகடு. அதன் இரு பக்கமும் நாகப் பூச்சு. நல்ல தரத் தகட்டில் ஒரு சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் இருக்கும். அதைத் தடிப்பாகக் கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. மலிவுத் தகட்டில் 120 கிராம்தான் இருக்கும். அது ஒரு பக்கத்துக்கு 8 மைக்கிரோமீற்றர் சொச்சம். சர்வதேசத் தர நியமம், மிதமான சூழலில் நாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்கிரோமீற்றர் வரை கரையும் என்கிறது. கடலோரத்தின் கடுமையான வகையில் அது 4.2 முதல் 8.4 வரை போகும். ஒரே தகடு உள்நாட்டில் இருபது ஆண்டு காவல் இருக்க, அலைக்கரையில் ஐந்து ஆண்டைத் தாண்டாமல் போவது இதனால்தான். மலிவுத் தகடு அதே அலைக்கரையில் இரண்டு மழைக்காலத்தைப் பார்த்தாலே பெரிது.

நாகம் போய்விட்ட பிறகு இரும்பு தாக்குப்பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும், ஆனால் அதற்குத் தடிப்பு வேண்டும். துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு முன்பே பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தவையும் இன்னும் உருக்குலையாமல் நிற்கக் காரணம், அவை தடித்த இரும்புப் பலகைகளால் ஆனவை என்பதே. கடலோரக் காற்றில் வெற்று இரும்பு ஆண்டுக்கு ஐம்பது, எண்பது மைக்கிரோமீற்றர் தேய்கிறது. பல மில்லிமீற்றர் தடித்த பலகைக்கு அது பெரிய இழப்பல்ல. 0.4 மில்லிமீற்றர் தகட்டுக்கோ, இரு பக்கமும் தேயத் தொடங்கினால் மூன்று நான்கு ஆண்டில் வெயில் உள்ளே தெரியும். கூரைத் தகட்டின் ஆயுள் பெரும்பாலும் நாகத்தின் ஆயுள்தான். இரும்பு அதன்மேல் சேர்க்கும் காலம் சொற்பம்.

நாகத்துக்குப் பதிலாக அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சு இன்று பரவலாகக் கிடைக்கிறது. 55 சதவீதம் அலுமினியம், 43 சதவீதத்துக்குச் சற்று மேல் நாகம், மிச்சம் சிலிக்கன். அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்கு நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கலவை இது. அலுமினியம் தன்மேல் இறுக்கமான ஒட்சைட்டுத் தோலை வளர்த்துக்கொள்கிறது. இடையிடையே உள்ள நாகம் மெல்லக் கரைந்து கீறல்களைக் காக்கிறது. ஒரே தடிப்பில் வெறும் நாகத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு காலம் நிற்கும். கடலோரத்துக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஆனால் இரண்டு எச்சரிக்கையோடு. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் மேசன் பூசும் ஈரச் சீமெந்து தகட்டில் பட்டுக் காய்ந்தால் அந்த இடம் வெந்துபோகும். மாட்டுக்கொட்டில், கோழிக்கூட்டிலிருந்து எழும் அமோனியாவும் அப்படியே. அடுத்தது, தகடு வெட்டும்போதும் துளை போடும்போதும் சிதறும் இரும்புத் தூளை அன்றே கூட்டித் தள்ள வேண்டும். விட்டால் ஒரே மழையில் கூரை முழுக்கச் செம்புள்ளி போடும்.

கூரை முதலில் துருப்பிடிப்பது மழை விழுகிற இடத்தில் அல்ல. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறப்பின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். உப்பு மேலும் கீழும் படிகிறது. மேற்பக்கத்தை மார்கழி மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தை எந்த மழையும் தொடுவதில்லை. அங்கே உப்பு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகிறது. வெயிலும் படாததால் இரவில் உறிஞ்சிய ஈரம் காலை பத்து மணி வரை காயாது. கார் நிறுத்தும் தாவாரம், திறந்த விறாந்தை, சுவரில்லாத கொட்டில் ஆகியவற்றின் கூரைகள் வீட்டின் நடுக்கூரையைவிட முந்திப் போவதற்கும் காரணம் இதே. மழைதான் கூரையைக் கெடுக்கிறது என்று நாம் பழகிப்போன எண்ணத்துக்கு, கடலோரத்துத் தகரம் நேர் எதிரான சாட்சி. இங்கே மழை கூரைக்குச் செய்வது பணிவிடை. பருவமழை பிந்தும் ஆண்டுகள் தகரத்துக்குக் கெட்ட ஆண்டுகள்.

தகட்டைவிட முந்திப் போவது இன்னொன்று உண்டு. அது ஆணி. தகட்டில் 20 மைக்கிரோமீற்றர் பூச்சு இருக்கும்போது, கடையில் பொட்டலமாகத் தரும் மலிவுத் திருகாணியில் இருப்பது 5 முதல் 8 மைக்கிரோமீற்றர் மட்டுமே. அதே உப்பு, அதே ஈரம். மூன்றில் ஒரு பங்கு காவல். ஆணி நிற்பதும் மிக மோசமான இடத்தில்: றப்பர் வாசருக்கு அடியில், தகட்டுத் துளைக்குள், மரத்தின் ஈரத்தோடு. வெயில் அடிக்கும் நாளில் தகடு 60 பாகை செல்சியசுக்கு மேல் சுடும். திடீர் மழை விழுந்தால் சில நிமிடத்தில் முப்பது பாகைக்கு வந்துவிடும். பன்னிரண்டடித் தகடு ஒன்று இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு சுருங்குகிறது. அந்த அசைவு முழுவதையும் தாங்குவது ஆணித்துளைதான். நாளடைவில் துளை நீள்வட்டமாகிறது. வாசரின் றப்பர் வெயிலில் வெடித்து, பிடியை விடுகிறது. "தகடு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒழுகுது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். பத்து லட்சம் ரூபாய்க்குக் கூரை போட்டுவிட்டு ஆணியில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பது மனத்தை வருத்தும் சிக்கனம். அதற்காகத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி வாங்கினால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உப்புநீரில் அது பக்கத்திலுள்ள நாகத்தையும் அலுமினியத்தையும் மின்னிரசாயன முறையில் தின்னச் செய்யும். தகட்டுக்கு ஏற்ற, தடித்த நாகப் பூச்சுள்ள ஆணியே வேண்டும்.

தகரம் வருமுன் இந்தக் கரையில் கூரை என்றால் கிடுகு, பனையோலை. கிடுகு ஒன்றிரண்டு ஆண்டு, பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கூரைகளின் ஆயுளை நீட்டிய இரண்டு அறிவுகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, தென்னோலையைப் பின்னுமுன் நீரில், முடிந்தால் உவர்நீரில், ஊறவைப்பது. பூச்சிக்கும் பங்கசுக்கும் தீனியான சர்க்கரைகள் அதில் கரைந்து போய்விடும். மற்றது, அடுப்புப் புகை. விறகுப் புகையிலுள்ள பீனோல் வகைச் சேர்மங்கள் ஓலையிலும் கைமரத்திலும் படிந்து பூச்சியை அண்டவிடாமல் வைத்தன. அடுப்பின் சூடு ஓலையைக் காயவைத்தது. ஆகவேதான் புகையேறிய குசினிக் கூரை மற்ற அறைகளின் கூரையை விட நெடுநாள் நின்றது. ஆண்டுதோறும் மழைக்கு முன் வீடு மேய்கிற வழக்கம் இருந்த காலத்தில், கூரையைப் பார்க்காமல் ஓராண்டு விடுவது என்பதே கிடையாது. தகரமும் அஸ்பெஸ்ரஸ் சீற்றும் வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. அதன் விலையை நாம் இப்போது கொடுக்கிறோம்.

ஓட்டுக் கூரைக்கு வருவோம். நம் ஊரில் கலிக்கட் ஓடு என்று சொல்லப்படும் ஓடு, 1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய தொழிற்சாலையின் வழித்தோன்றல். அங்கிருந்தும் கள்ளிக்கோட்டையிலிருந்தும் கப்பலேறி இலங்கைக்கு வந்த வடிவம், பிறகு வாய்க்கால், தங்கொட்டுவப் பக்கத்துச் சூளைகளில் இங்கேயே சுடப்பட்டது. நன்றாக வெந்த ஓட்டுக்கு இந்தத் தட்பவெப்பத்தில் ஆயுள் நூறாண்டு என்றாலும் மிகையில்லை. குளிர்நாடுகளில் ஓட்டின் நுண்துளைகளுக்குள் நீர் உறைந்து விரிந்து ஓட்டை வெடிக்கவைக்கும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நமக்குள்ள சிக்கல் உப்பு. ஓட்டின் துளைகளுக்குள் போன உப்புநீர் காயும்போது படிகம் வளர்ந்து சுவரைத் தள்ளும். அரைவேக்காட்டு ஓட்டின் அடிப்பக்கம் மாவாக உதிர்வது அதனால்தான். பழைய மேசன்மார் ஓட்டை விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்தால்தான் எடுப்பார்கள். அது மூடநம்பிக்கை அல்ல. நன்றாக வெந்து இறுகிய களிமண் அதிர்வைத் தாங்கி ஒலிக்கும். துளை மிகுந்ததும் விரிசல் விட்டதும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

ஆனால் ஓட்டுக் கூரை விழுவது ஓட்டினால் அல்ல. ஒரு சதுர மீற்றர் ஓடு ஏறத்தாழ 40 முதல் 45 கிலோ. மழையில் ஊறினால் இன்னும் சில கிலோ கூடும். அத்தனையையும் தாங்குவது கைமரமும் சிலாகையும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பங்கசு வளராது. ஓர் ஓடு விலகி, ஒரே இடத்தில் சொட்டத் தொடங்கினால் அந்த இடத்து மரம் அந்த அளவைத் தாண்டும். உளுத்த மரத்துக்குக் கறையானும் வந்து சேரும். மரத்தின் வைரமும் வெள்ளையும் இங்கே பெரிய வித்தியாசத்தைச் செய்கின்றன. பாலை, முதிரை, முற்றிய பனை ஆகியவற்றின் வைரத்தில் பூச்சிக்கும் பங்கசுக்கும் ஆகாத சேர்மங்களோ மிகுந்த அடர்த்தியோ இருக்கிறது. அதே மரத்தின் வெளிவெள்ளை சில ஆண்டில் மாவாகிவிடும். திருகோணமலைக் காடுகள் பாலைக்கும் முதிரைக்கும் பேர்போனவை. பழைய வீடுகளின் தீராந்திகள் இன்னும் அப்படியே நிற்க, பின்னர் கட்டிய வீடுகளின் சிலாகைகள் உளுத்து விழுவதைப் பார்க்கும்போது, வைர மரத்தோடு, மரம் காயக் காத்திருக்கும் பொறுமையும் சேர்ந்து தொலைந்ததைத்தான் காண்கிறோம்.

ஓர் ஓடு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் மிகத் துயரமான ஆதாரம். வடகிழக்கில் ஷெல் விழாமலே இடிந்த வீடுகள் ஏராளம். ஓடு ஒன்று விலகும்; குரங்கு பிரிக்கும், அல்லது தென்னை மட்டை விழும். குடியிருப்பவர் இருந்தால் அன்றே ஏணி வைத்து அதைச் சரிசெய்திருப்பார். யாருமில்லாத வீட்டில் அந்த ஓர் ஓட்டின் வழியாக ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் இறங்கும். சிலாகை உளுக்கும், அது சாயும்போது இன்னும் பத்து ஓடு நழுவும். பிறகு கைமரம், பிறகு சுவரின் தலைப்பகுதி. சில மழைக்காலங்கள் போதும். நூறாண்டு நிற்கக்கூடிய ஓடுகள் அறைக்குள் குவிந்து கிடக்கும். திரும்பி வந்தவர்கள் அந்தக் குவியலிலிருந்து உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கி வைத்தார்கள்; அவற்றில் பல புதுக் கூரைக்கும் ஏறின.

அஸ்பெஸ்ரஸ் சீற் பற்றிப் பேசும்போது நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் அதன் கீழேதான் வளர்ந்தோம். அது சீமெந்தும் பத்துச் சதவீதமளவு கல்நார் இழையும் சேர்ந்த பலகை. உப்பு அதைத் துருப்பிடிக்கவைக்காது. அதனால்தான் கடற்கரை ஊர்களில் அவ்வளவு வேகமாகப் பரவியது. முப்பது நாற்பது ஆண்டு தாராளமாக நிற்கும். ஆனால் மழைநீர் அதன் மேல்தோலில் உள்ள சீமெந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாசியும் கற்பாசியும் அமிலம் விட்டு அதை விரைவுபடுத்துகின்றன. சீமெந்து போன இடத்தில் இழை வெளியே தெரியும். கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்குள் கல்நாரை முற்றாக நிறுத்துவதாக இலங்கை அறிவித்தும் இருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு ரஷ்யா. அந்த நாட்களிலேயே இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது. கூரையின் ஆயுளைத் தேயிலையும் தீர்மானித்திருக்கிறது.

உடையாமல் கிடக்கும் சீற் தன்பாட்டில் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அதைத் தொடும்போது. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவுவது, வாளால் அறுப்பது, பழைய சீற்றை அடித்து உடைத்துப் பள்ளம் நிரப்புவது ஆகிய நான்கையும் செய்யவே கூடாது. நான்கும் நம் ஒழுங்கைகளில் சர்வசாதாரணமாக நடக்கின்றன. கழற்றுகிற நாளில் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குவதுதான் முறை.

கொங்கிறீற் சிலாப் போட்டால் கவலையே இல்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கொங்கிறீற்றின் கடும் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். பத்து ஆண்டில் 10 மில்லிமீற்றர் இறங்கினால், 20 மில்லிமீற்றர் இறங்க நாற்பது ஆண்டு எடுக்கும். அதாவது கம்பிக்குக் கீழே மேசன் விடும் கவர் பாதியானால், ஆயுள் நாலில் ஒன்றாகிறது. கொங்கிறீற் ஊற்றும் நாளில் கம்பியை மிதித்துப் பலகையோடு ஒட்டவைக்கிற ஒரு கால் முப்பது ஆண்டைத் தின்றுவிடும். கழுவாத கடல்மணல் கலந்திருந்தால் இந்தக் கணக்குக்கும் இடமில்லை. குளோரைட்டு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். சிலாப்பின் அடிப்பூச்சு வீங்கி, வெடித்து, தட்டாக விழுவது அதனால்தான். கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் ஆற்றுமணலுக்கு இவ்வளவு கேள்வி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவை எல்லாம் மெதுவான அழிவு. கிழக்குக் கரையில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வேகமான பரீட்சை வருகிறது. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார்க் கடலைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைக் குலைத்த இன்னொன்று. 2000 டிசம்பர் 26இல் திருகோணமலை அருகே கரையேறிய மற்றொன்று. 2020 டிசம்பர் 2இல் குச்சவெளி, திரியாய்ப் பக்கம் புகுந்த புரெவி. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 120 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 69 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். கூரைமேல் அது அமுக்குவதைவிட மேல்நோக்கி இழுப்பதுதான் அதிகம். முகட்டிலும் இறப்பு ஓரத்திலும் மூலைகளிலும் அந்த இழுவை இன்னும் கூடும். தகரத்தின் சொந்த எடை சதுர மீற்றருக்கு ஐந்து கிலோவும் இல்லை. மிச்சம் முழுவதையும் பிடித்து வைத்திருப்பவை துருப்பிடித்த அந்த ஆணிகளும், கைமரத்தைச் சுவரோடு கட்டும் கம்பியும்தான். ஓடு தன் எடையாலேயே ஓரளவு நிற்கும். ஆனால் ஓரத்து ஓடுகள் கிளம்பிவிட்டால் உள்ளே புகுந்த காற்று மற்றவற்றைக் கீழிருந்து தள்ளும்.

1978இன் அழிவுக்குப் பிறகு, 1980இல் இலங்கை அரசு கடுங்காற்றுக்கேற்ற கட்டட வடிவமைப்புக் கைநூல் ஒன்றை வெளியிட்டது. அது தீவை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையோரத்தைக் கடுமையான முதல் வலயத்தில் வைத்தது. அங்கே சாதாரணக் கட்டடமும் விநாடிக்கு 49 மீற்றர் வீச்சைத் தாங்க வேண்டும். மூன்றாம் வலயத்தில் 33 போதும். வேகத்தில் ஒன்றரை மடங்கு, விசையில் இரு மடங்குக்கு மேல். கொழும்பில் சரியாக இருந்த ஆணி இடைவெளி இங்கே சரியாக இருக்காது என்பதை அந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆணி இடைவெளியை முடிவுசெய்வது கைநூல் அல்ல, பொட்டலத்தில் மீதமிருக்கும் ஆணிகள்.

2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புச் சட்டக வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டபோது, பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பிய கேள்விகளில் ஆயுளும் ஒன்று. கல்வீடு அதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும் என்பது ஒருபுறமிருக்க, பழுதானால் ஊர் மேசனும் தச்சரும் அதைத் திருத்த முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகச் சரியானதாகப் படுகிறது. பக்கத்து வீதியில் ஆளும் பொருளும் கிடைக்கும் கூரைதான் உண்மையில் நீண்டநாள் நிற்கும் கூரை. அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது.

லிங்கநகரில் கூரையைப் பார்க்க நல்ல மாதம் ஆவணி. கச்சான் உப்பையும் தூசியையும் சேர்த்து வைத்திருக்கும். வாடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். தகரமானால் இறப்பின் அடிப்பக்கத்தையும் தாவாரத்தையும் நன்னீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மேற்பக்கத்தை மழை பார்த்துக்கொள்ளும். பீலியில் சேர்ந்த வேப்பஞ்சருகை அள்ள வேண்டும்; ஊறிய சருகு அடியில் உள்ள தகட்டை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். முகட்டிலும் ஓரங்களிலும் உள்ள ஆணிகளை முதலில் சோதித்து, தலை துருப்பிடித்ததைக் கழற்றி, அதைவிட ஓரளவு தடித்ததைப் புது வாசரோடு ஏற்ற வேண்டும். ஓட்டு வீடானால் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால் வெளிச்சம் எங்கே வருகிறது என்று தெரியும். புதுத் தகடு வாங்குகிறவர் கடையில் பூச்சின் நிறையைக் கேட்க வேண்டும்: நாகமானால் 275, அலுமினிய நாகமானால் 150 கிராமுக்குக் குறையாமல். அந்த எண் பெரும்பாலும் தகட்டின் அடிப்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைக்கு மட்டும் வேறு முறை. வெயிலில் முப்பது ஆண்டு கிடந்த சீற் பார்வைக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. அதன்மேல் ஏறி விழுந்து இறப்பவர்கள் உலகெங்கும் உண்டு. ஏறியே ஆகவேண்டுமானால், கைமரத்திலிருந்து கைமரத்துக்கு நீளப் பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும் கால் வைக்க வேண்டும்.